ஒரு முழம் பாட்டு

சாணார்பட்டிப் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரியில் மேடைக்கு ஒரு சீட்டு வந்தது. எங்கள் மெல்லிசைக் குழுவில் அறிவிப்பாளர் என்று தனியாக யாரும் கிடையாது. கூட்டத்திலிருந்து வரும் சீட்டு யார் கையில் கிடைக்கிறதோ அவரே மைக்கில் படிக்க வேண்டும். அன்று அது குச்சியால் தட்டி வாசிக்கும் ரிதம் பேடுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவின் கையில் போய்ச் சேர்ந்தது. அக்கா பிரித்துப் பார்த்தாள், மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள், ஓர் எழுத்தைக்கூட விழுங்காமல் படித்தாள். "பழைய பாட்டுகளைக் கொலை செய்யும் பேட் வாசிக்கும் பெண்மணியை உடனே மேடையை விட்டு இறக்கவும். இப்படிக்கு, இசை ரசிகர்கள்."

கூட்டம் ஓவென்று சிரித்தது. அக்கா சீட்டை நான்காக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். "ரசிகர்கள்னு போட்டுருக்கு, கையெழுத்து ஒண்ணுதான் இருக்கு. மத்தவங்களும் போட்டுக் குடுத்து விடுங்க, எறங்கிர்றேன்," என்றாள். பிறகு குச்சிகளை எடுத்து, அடுத்து வந்த பழைய பாட்டை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கொலை செய்தாள். மறுவருடம் அந்த ஊர்க்காரர்கள் எங்களைக் கூப்பிட வந்தபோது முதலில் கேட்டது, பேட் வாசிக்கிற அம்மா வருகிறதா என்றுதான்.

அக்காவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் திண்டுக்கல் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் எடுத்தவர்களில் பாதிப் பேர், எனக்குத் தெரியும் எனக்குத் தெரியும் என்று கிளம்பி வருவார்கள். பகலெல்லாம் அவளுக்கு அங்கேதான் வேலை. குள்ளமான உருவம், ஆண்பிள்ளை மாதிரி தடித்த மணிக்கட்டு, விரல் ஓரங்களில் எந்நேரமும் மெஷின் மையின் கறுப்பு. வாசிக்க உட்காரும்போது வளையல்களைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டுவாள். சில பாட்டுகளில் அந்த வளையல்களையே மைக்கில் குலுக்குவாள். ஜெராக்ஸ் மெஷினில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்த் திரும்பும்போது ஒரு கடகடச் சத்தம் வருமில்லையா, அந்தச் சத்தத்தோடு பென்சிலால் கண்ணாடியைத் தட்டித் தட்டித்தான் பாதித் தாளத்தைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள். இப்போது மகளோடு கரூரில் இருக்கிறாள் என்று கேள்வி. நான் சொல்வது தொண்ணூறுகளில் தொடங்கி, எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட காலம் வரைக்குமான கதை.

நான் அந்தக் குழுவின் பாடகி. பகலில் ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ரைம்ஸ் சொல்லிக்கொடுத்தேன், சாயங்காலங்களில் மேடை ஏறினேன். நோட்டீஸில் என் படத்துக்குக் கீழே 'கேசட்டில் கேட்பது போலவே' என்று அச்சடிப்பார்கள். அந்த மூன்று வார்த்தைகளுக்காக நான் உயிரை விட்டிருக்கிறேன். ஒரு பழைய பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் அந்தப் பாடகி லேசாகத் தொண்டையைச் செருமுவார். ரிக்கார்டிங்கில் தெரியாமல் விழுந்துவிட்ட சத்தம் அது. நான் அதையும் செருமுவேன். விஷயம் தெரிந்தவர்கள் அந்த இடத்தில் கை தட்டுவார்கள், எனக்குப் பெருமை தாங்காது.

இந்த வேதத்தை எனக்கு ஓதியவர் எங்கள் மாஸ்டர். கீபோர்டு வாசிப்பார், குழுவும் அவருடையது. அசலில் ஓர் அணுவை மாற்றுகிறவன் அப்பன் பெயரை மாற்றுகிறவன் என்பார். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு 'தாய் கேசட்' வைத்திருப்பார். அதிலிருந்து நோட்டில் எழுதி, நோட்டிலிருந்து நாங்கள் வாசிக்க வேண்டும். அந்த வீட்டுக்குள்தான் அக்கா வந்து சேர்ந்தாள். முன்பு பேட் வாசித்தவர் பனியன் கம்பெனி வேலைக்குத் திருப்பூர் போய்விட்டார், மறுநாளே ஒரு கல்யாணக் கச்சேரி இருந்தது, மாஸ்டருக்கு வேறு வழி இல்லை.

அதற்கு முன்னால் அக்கா சர்ச் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்து ஏன் வந்தாள் என்பதை அவளே கதை கதையாகச் சொல்வாள். ஒரு கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடிப் போகையில், நூறு வருடமாக மெதுவாகப் பாடிவந்த ஒரு பாட்டுக்குக் கும்மித் தாளம் போட்டிருக்கிறாள். வீட்டுக்காரப் பெண்கள் தெருவில் இறங்கி வட்டம் கட்டிவிட்டார்கள். பாடகர் குழுத் தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ராகம், அதைத் தொடலாமா என்று கேட்டிருக்கிறார். கப்பலில் வரும்போதே வார்த்தையை இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாற்றித்தானே கொண்டுவந்தார்கள், அப்போது யாரும் அழவில்லையே என்று இவள் திருப்பிக் கேட்டாள். அதோடு டிரம்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். அந்தச் சர்ச்சில் இன்றுவரை அந்தப் பாட்டைக் கும்மியாகத்தான் பாடுகிறார்கள்.

எதையும் கிடந்தபடி விட அவளால் முடியாது. மாற்றக் கூடாது என்று யாராவது சொன்னால் போதும், "மாத்துனா என்ன, செத்தா போகும்?" என்று ஆரம்பித்துவிடுவாள். திண்டுக்கல்லில் பிறந்த எவளாவது ரேஷன் பச்சரிசியில் பிரியாணி செய்வாளா? இவள் செய்தாள். ஒத்திகைக்குத் தூக்குவாளியில் கொண்டுவந்து எல்லாருக்கும் வைத்தாள். எங்கள் டோலக்காரர் பேகம்பூர்க்காரர். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கல்யாணத்துக்குச் சமைக்கிறார்கள், சீரகச் சம்பா அல்லாத அரிசியை அவர்கள் பிரியாணிச் சட்டிக்குள் விட்டதில்லை. அவர் ஒரு வாய் வைத்தார், செத்த நேரம் யோசித்தார். "அக்கா, இது பிரியாணியே இல்ல," என்றார். பிறகு தட்டை நீட்டி, "இன்னொரு கரண்டி வையிங்க," என்றார். அக்கா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது இன்னும் நினைவிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கும் அவளுக்கும் முதல் பெரிய சண்டை ஜெராக்ஸ் கடையில் நடந்தது. நான் பாட்டு வரிகளைப் பிரதி எடுக்கப் போயிருந்தேன். கீரனூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு விவசாயி, பத்திரத்தை நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, அசலாட்டமே இருக்குதுங்களே, இதையே குடுத்தாப் போதாதுங்களா?" என்று கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டு, அசல் மாதிரியே இருப்பதால்தான் செல்லாது, அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி வாருங்கள் என்று அனுப்பினாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"பாத்தியா புள்ள, பகலெல்லாம் நகல் எடுக்கத்தான் எனக்குச் சம்பளம். சாயங்காலமும் அதையே செய்யச் சொல்றாரு ஒங்க மாஸ்டரு."

அசலைச் சுத்தமாகப் பாடுவது நகல் எடுப்பதாகுமா, அதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் தெரியுமா, ஒரு செருமலைக்கூட விடாமல் பிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது என்று நான் படபடவென்று பேசினேன். அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"அந்தம்மாவுக்கு அன்னைக்குச் சளி. ஒனக்கு எதுக்குடி?"

நான் பிரதிகளைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பேசாத அந்த ஒரு மாதமும் அந்தப் பாட்டில் செருமல் வரும் இடத்தில் அவள் கொட்டும் தாளத்தின் சத்தத்தைக் குறைத்துக் கொடுத்தாள். என் செருமல் எல்லாருக்கும் கேட்க வேண்டுமாம். நக்கல்தான், ஆனால் அதிலும் ஒரு பாசம் இருந்ததை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இனி அந்தப் பாட்டுக்கு வருகிறேன். என்ன பாட்டு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே அதைப் போட்டுக் கேட்டுவிட்டு யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல உட்காருவீர்கள். கிணற்றடியில் ஒருத்தி காத்திருக்கிறாள், வருவேன் என்று சொன்னவன் வரவில்லை. அவ்வளவுதான் பாட்டு. ரேடியோவில் அதிகம் வராத பாட்டு. மாஸ்டர் அதை மதுரையில் ஒருவரிடமிருந்த இசைத்தட்டிலிருந்து கேசட்டில் பதிந்துவந்தார். எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தப் பாட்டைப் பிரபலமாக்கியது எங்கள் குழுதான். அதன் இரண்டாவது இடையிசையில், வயலின் இழுத்துக்கொண்டே போய்ச் சட்டென்று ஒரு தாவு தாவி, மூச்சு விடாமல் சரணத்தில் விழும். முதல்முறை எல்லாரும் சேர்ந்து கேசட்டைக் கேட்டபோதே மாஸ்டர் விரலை உயர்த்தி நிறுத்தினார். பல வருடம் முன்பு கேட்டது, இந்தத் தாவலை நான் மறந்தே போனேன் பாருங்கள் என்று கண் கலங்கினார். அன்றிலிருந்து கச்சேரிதோறும் அந்தப் பாட்டுக்கு முன்னால் அவர் மைக்கில் ஐந்து நிமிடம் பேசுவார். மேதைகள் வழி காட்டுவதில்லை, தாவுகிறார்கள் என்பார். அந்தக் காலத்து மூளை இந்தக் காலத்துக்கு வராது என்பார்.

அந்தத் தாவலைப் போட்டது மேதை இல்லை. நான்.

குழுவில் சேர்ந்த புதிது. பாடிப் பழக மாஸ்டர் அந்தத் தாய் கேசட்டை, யாருக்கும் தராததை, என்னை நம்பிக் கொடுத்து விட்டார். எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் பாதிப் பாட்டில் ரீலை மென்றுவிட்டது. இழுத்து எடுத்தபோது ஒரு முழம் நீளத்துக்குக் கசங்கி, மடிந்து, பொடிப் பொடியாகப் பூச்சு உதிர்ந்து கிடந்தது. நான் அழுதேன். பிறகு பிளேடால் அந்த ஒரு முழத்தை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனையையும் செலோடேப்பால் ஒட்டி, பென்சிலை விட்டுச் சுற்றிக் கொடுத்துவிட்டேன். மாஸ்டர் கண்டுபிடித்துத் துரத்திவிடுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அவரோ கண் கலங்கி விரலை உயர்த்தினார். அதற்கப்புறம் நான் எப்படிச் சொல்வேன்? ஒவ்வொரு கச்சேரியிலும் அவர் அந்த ஐந்து நிமிடம் பேசும்போது நான் மைக்கின் வயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த இடம் சரியில்லை என்று காதால் கண்டுபிடித்த ஒரே ஆள் அக்கா. வந்த முதல் வாரமே, "இங்கன ஒரு ஓட்ட இருக்கு மாஸ்டர். அரைத் தாளம் கால் எடறுது," என்றாள். மாஸ்டர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அக்கா அதோடு விடவில்லை. ஒரு கச்சேரியில் அந்த ஓட்டையில் ஓர் உருட்டு உருட்டினாள். இன்னொன்றில் வளையலைக் குலுக்கினாள். ஒருமுறை சும்மா "ஆங்?" என்று மட்டும் கேட்டாள், முன்வரிசையில் ஒரு குழந்தை பதில் சொன்னது. ஒவ்வொரு தடவையும் மாஸ்டரிடம் திட்டு வாங்குவாள். அசலில் இல்லை அசலில் இல்லை என்று நானும் கூடச் சேர்ந்து கத்தியிருக்கிறேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் ரீமிக்ஸ் காலம் வந்தது. எஃப்.எம்.மில், டிவியில், பஸ் ஸ்டாண்டு கடைகளில், எங்கே பார்த்தாலும் பழைய பாட்டின் நடுவில் ஒருவன் புகுந்து இங்கிலீஷும் தமிழுமாகக் கடகடவென்று பேசினான். ஹிப் ஹாப் என்றார்கள். காலேஜ் பையன்கள் சீட்டில் 'ரீமிக்ஸ் பாடவும்' என்று எழுதி அனுப்பினார்கள்.  கல்யாணப் பட்டுப்புடவையை வெட்டி ஹேண்ட்பேக் தைக்கிறார்கள் என்று ஒத்திகையில் சொன்னேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அக்கா மட்டும், பெட்டிக்குள் அந்துருண்டை போட்டுப் பூட்டி வைப்பதை விடத் தோளில் மாட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போவது புடவைக்கும் சந்தோஷம்தானே என்றாள்.

ஆனால் வந்த ரீமிக்ஸ் எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டினாள் என்று நினைக்க வேண்டாம். முக்கால்வாசியை அவள் என்னைவிட மோசமாகத் திட்டினாள். இவன் பாட்டைக் கேட்கவே இல்லை, மேலே ஏறி உட்கார்ந்துவிட்டான் என்பாள். பஸ்ஸில் ஏறுகிறவன் முதலில் உள்ளே எங்கே இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா இல்லையா என்பாள். இடம் பார்த்து ஏறியவன் அசலைத் தாண்டிப் போகலாமா என்று நான் விடாமல் கேட்டேன். தாராளமாகப் போகலாம் என்றாள். போகவே முடியாது என்றேன். அந்த வாக்குவாதம் எங்களுக்குள் கடைசிவரை முடியவில்லை.

கிணற்றடிப் பாட்டில் இடம் எங்கே இருக்கிறது என்பது அவளுக்குப் பத்து வருடமாகத் தெரியும். அந்தக் கோடையில் திண்டுக்கல்லில் குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. லாரி வரும் என்று தெருவெல்லாம் குடம் வரிசை. ஒரு பாலிடெக்னிக் ஆண்டு விழா, பட்டப்பகல் மூன்று மணி. கிணற்றடிப் பாட்டு. வயலின் தாவப்போகிற இடத்தில் அக்கா கையை உயர்த்திக் கீபோர்டை நிறுத்தச் சொன்னாள். திகைத்துப்போய் மாஸ்டர் நிறுத்திவிட்டார். அக்கா ஒரு கையால் பேடைத் தட்டிக்கொண்டு மைக்கில் பேச ஆரம்பித்தாள்.

"குடத்த வச்சேன் வரிசையில, காலு கடுக்க நிக்கேன்,
வாரேன்னு சொன்ன ஆளும் காணோம், வாரேன்னு சொன்ன லாரியும் காணோம்,
ரெண்டுல எது முந்தி வருதோ, அதுக்கே மால போடுறேன்."

பிறகு எனக்குத் தலையசைத்தாள். நான் சரணத்தை எடுத்தேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு கூச்சல். பையன்களை விடுங்கள், சமையல் வேலைக்கு வந்த பெண்கள் கரண்டியோடு ஓடிவந்து நின்றார்கள். கிணற்றடியில் காத்திருந்தவளை அவர்கள் அன்றைக்குத்தான் பார்த்த மாதிரி பார்த்தார்கள். மூன்று முறை திரும்பப் பாடச் சொன்னார்கள். மாஸ்டர் மூன்றாவது முறை கீபோர்டைத் தொடவில்லை.

அடுத்த ஒத்திகையில் அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அடுத்த வாரம் தாடிக்கொம்பு ரோட்டு மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன், அதில் கிணற்றடிப் பாட்டை அசல்படி வாசிக்க வேண்டும், வாசிக்க முடியாது என்றால் அதுவே கடைசிக் கச்சேரி என்றார். அக்காவுக்கு அந்த நாற்காலி எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். காய்கறி லாரி ஓட்டும் அவள் புருஷன் வாரத்தில் பாதி நாள் ஊரில் இருப்பதில்லை, கோர்ட்டு வாசலில் ஆயிரம் பேர் அவளை "ஏம்மா ஜெராக்ஸ்" என்று கூப்பிட்டார்கள். பேடுக்குப் பின்னால் உட்காரும்போதுதான் அவள் யாரென்று ஊருக்குத் தெரியும். அவள் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை, கேசட்டைப் போடுங்கள் என்று மட்டும் கேட்டாள்.

மாஸ்டர் தாய் கேசட்டைப் போட்டார். வயலின் வந்தது, தாவியது, சரணம் விழுந்தது. "கேட்டுக்கிட்டியாம்மா? இதுதான் அசல்," என்றார். அக்கா எழுந்துபோய்க் கேசட்டை வெளியே எடுத்தாள். சுண்டு விரலை விட்டுச் சக்கரத்தை மெல்லப் பின்னால் சுற்றினாள். சட்டென்று நிறுத்தி உற்றுப் பார்த்தாள். நான் சுவரோரம் நின்றேன். ரீலில் மஞ்சளாகிப்போன செலோடேப் ஒட்டு அவள் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அவள் தலையைத் தூக்கிச் சரியாக என்னைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்க்கவில்லை, டோலக்காரரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். பிறகு ரீலைச் சுற்றி மூடி, கேசட்டை மாஸ்டர் கையில் கொடுத்தாள்.

"சரி மாஸ்டர். மண்டபத்துல அசல்படியே வாசிச்சுட்டுப் போயிர்றேன்."

அந்த நிமிடம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மூன்று நாள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ரைம்ஸைத் தப்பாகச் சொன்னதற்கெல்லாம் அடித்தேன். நாலாவது நாள் மத்தியான இடைவேளையில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் வெட்டினேன் என்றேன்.

"தெரியும். அந்தக் கேசட்ட அவரு ஒனக்கு மட்டுந்தான குடுத்தாரு. ஒட்டுன லட்சணத்தப் பாத்தாலே தெரியுது, கோணக்க மாணக்க," என்றாள். தாளை மாற்றி வைத்தாள்.

"அப்ப ஏங்க்கா சொல்லல? சொல்லியிருந்தா நீங்க சொன்னதுதான சரின்னு ஆகியிருக்கும்? அங்கன ஓட்ட இருக்குன்னு."

அக்கா மெஷினை நிறுத்தினாள். 

"சொன்னா என்ன செய்வாரு? முழுப் பாட்டத் தேடிப் புடிச்சு, அந்த எடத்துல இம்புட்டு வயலின் இருக்கு, அதையே வாசின்னு ஒக்கார வைப்பாரு. நான் கெட்டிக்காரின்னு பேரு வரும், என் வார்த்தைக்கு எடம் போயிரும். அசல்ல இருக்குன்னு சாட்சி சொல்லி எனக்கு யாரும் எடம் வாங்கித் தர வேணாம் புள்ள. எனக்கு அந்தக் கோர்ட்டே வேணாம்."

நான் மாஸ்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்வதாக இருந்தால் உனக்காகச் சொல், எனக்காகச் சொல்லாதே என்றாள். பிறகு பழைய சிரிப்பு திரும்பிவிட்டது. "ஆனா ஒண்ணு. திண்டுக்கல்லுல மொத ரீமிக்ஸு போட்டது நீதாண்டி," என்றாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அழ வந்தவள் சண்டை போட்டுவிட்டுத் திரும்பினேன்.

மண்டபத்தில் சாயங்காலம் ஏழு மணி. மணமக்கள் இன்னும் மேடைக்கு வரவில்லை. மாஸ்டர் ஐந்து நிமிடம் பேசினார், மேதைகள் தாவுகிறார்கள் என்றார், இன்று அசலை அசலாகவே கேட்கப்போகிறீர்கள் என்றார். பாட்டு ஆரம்பித்தது. அக்கா பச்சைப் பிள்ளை மாதிரி ஒழுங்காக வாசித்தாள், ஒரு தட்டு கூடவில்லை, ஒரு தட்டு குறையவில்லை. இடையிசை வந்தது. வயலின் தாவுகிற அந்த இடத்தில் அவள் இரண்டு குச்சிகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். தாளமே இல்லாமல் பாட்டு அந்தரத்தில் நின்றது. மாஸ்டரின் விரல்கள் தடுமாறி நின்றுவிட்டன. ஓட்டை அப்பட்டமாக, எல்லாருக்கும் கேட்கும்படி கிடந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பேடைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேசட்டில் இல்லாத ஒரு சொல்லை நான் அதுவரை மைக்கில் சொன்னதில்லை. என் வாய் எப்படித் திறந்தது என்று எனக்கே தெரியாது.

"ரீலு சிக்குச்சு, பிளேட எடுத்தேன், மொழம் ஒண்ணு வெட்டினேன்," என்றேன்.

பேடில் ஒரு தட்டு விழுந்தது. இன்னொரு தட்டு. நான் அதன்மேல் கால் வைத்து நடந்தேன்.

"கேட்டவங்ககிட்ட அசலுன்னு சொல்லி இத்தன நாளும் பாடினேன்,
குத்தம் எங்கக்கா மேல இல்ல, கோணையா ஒட்டுனவ நான்."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, தாளம் பிடித்திருந்ததால் கை தட்டினார்கள். மேடையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது. நான் சரணத்தை எடுத்தேன். மாஸ்டரின் கீபோர்டு நான்கு வரி தள்ளித்தான் வந்து சேர்ந்தது.

கச்சேரி முடிந்து வேனில் திரும்பினோம். இறங்கும்போது மாஸ்டர் என்னிடம், "அப்ப அந்தத் தாவல்..." என்றார். முடிக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் துரத்துவார் என்று நினைத்தேன், துரத்தவில்லை. அடுத்த ஒத்திகைக்கு அக்கா ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து பேடுக்குப் பின்னால் உட்கார்ந்து வளையலைக் கழற்றினாள். எழுந்து போ என்று அவர் சொல்லவும் இல்லை.

சில மாதம் கழித்து மாஸ்டர் அந்தப் பாட்டை முழுசாக ஒரு சி.டி.யில் தேடிப் பிடித்துவிட்டார். எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டார். நான் வெட்டி எறிந்த ஒரு முழத்தை அன்றுதான் மறுபடி கேட்டேன். வயலின் இறங்க இறங்க அடியிலிருந்து ஒரு புல்லாங்குழல் எழுந்து வருகிறது, இரண்டும் ஓரிடத்தில் தொட்டுப் பிரிகின்றன. எனக்கு அழுகை நிற்கவில்லை. அக்கா கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டாள், நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு என்றாள். இனி இதைத்தான் வாசிப்போம் என்று மாஸ்டர் சொல்வார் எனக் காத்திருந்தோம். அவர் எழுந்து சி.டி.யை நிறுத்தினார்.

"வளவளன்னு இருக்கு. நம்மளுது மாதிரி வராது," என்றார்.

நான் விடவில்லை. மாஸ்டரை எதிர்த்து நான் பேசியது அன்று ஒருநாள்தான். அந்தப் புல்லாங்குழலுக்கு முன்னால் என் பிளேடு வெட்டும் அக்காவின் குடமும் கால்தூசி பெறாது என்றேன், இன்றைக்கும் அதையே சொல்வேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். குழுவில் அசலின் பக்கம் நின்ற கடைசி ஆள் நான்தான், தோற்றேன்.

கடைசியாக ஒரு சீட்டைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த வருடக் கோடை, நகரத்துக்குள்ளேயே ஒரு கச்சேரி. சீட்டு அக்காவிடம் போனது. படித்துப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு, நீயே படி என்று என்னிடம் நீட்டினாள். நான் மைக்கில் படித்தேன்: "தயவுசெய்து ரீமிக்ஸ் எல்லாம் வேண்டாம். தண்ணிக் குடம் வருமே அந்தப் பாட்டு, அதை அசல்படி பாடவும். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது."

மாஸ்டர் கீபோர்டில் முகத்தை மறைத்துக்கொண்டார். அக்கா மைக்கை இழுத்தாள். "மன்னிக்கணும். நேத்து எங்க தெருவுல தண்ணி வந்துருச்சு. அந்தப் பாட்டு முடிஞ்சுபோச்சு," என்றாள். கூட்டம் முணுமுணுத்தது, ஒருவர் எழுந்து நின்று, அசலைக் கெடுக்காதீர்கள் என்று சத்தம் போட்டார். அக்கா அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் குச்சிகளை எடுத்து, நான் என் ஆயுளில் கேட்டிராத ஒரு தாளத்தை ஆரம்பித்தாள். ஆரம்பித்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

கேட்டுப் பழக அதற்கு என்னிடம் கேசட் இல்லை. யார் தொண்டையும் முன்னால் போய் வழி காட்டவில்லை. எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்திருந்தது. நன்றாக ஒரு முறை செருமிக்கொண்டு மைக்கைப் பிடித்தேன்.